நாற்பத்து மூன்று கிலோ

புதுவயல் ஆலை அலுவலகம்.
மேசையில் மூன்று கொட்டேஷன்,
அவற்றின் மேல் தவிடு, மெல்லிய மஞ்சளாய்.
ஊதித் தள்ளிவிட்டுப் படிக்கிறேன்.

ஆலை, காரைக்குடிக் கடை, தேவகோட்டைக் கிடங்கு
மூன்றையும் ஒரே வலையில் கோர்க்க
சுவிட்ச் பதினொன்று, சர்வர் ஒன்று,
யுபிஎஸ் நான்கு, வயர் எத்தனை மீட்டரோ.
"எது மலிவோ அதுல டிக் போடுங்க மெய்யம்மை"
என்றார் வயிரவன்,
லாரி நெல்லின் ஈரப்பதம் பார்க்க எழுந்தபடியே.

மலிவு எது என்று எனக்குத் தெரியும்.
போன தடவை அதில்தான் டிக் போட்டேன்.
விசிறிக்குள் தவிடு புகுந்து
இரண்டாம் கோடையிலேயே இருமத் தொடங்கின பெட்டிகள்.
ஒன்றுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது.
பாகம் கேட்டால்
அந்த மாடல் நின்னுபோச்சு மேடம்,
புதுசு வாங்கிடுங்க, அதுதான் லாபம்.

ஏழு சுவிட்சும் வயர்க் கற்றையும் எடைக்குப் போயின.
கேட் பாஸில் எழுதினேன்:
கழிவு, நாற்பத்து மூன்று கிலோ.
கீழே என் கையெழுத்து.

தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது.
உமி எங்கள் கொதிகலனுக்கே.
அதன் சாம்பலுக்குக்கூடப் பேரேட்டில்
'போய்ச்சேர்ந்த இடம்' என்று ஒரு பத்தி உண்டு.
அந்த நாற்பத்து மூன்று கிலோவுக்கு நேரே மட்டும்
ஒரு சின்னக் கோடு.

பிறகொரு நாள் கண்மாய்க் கரையில்
நாற்றம்தான் ஸ்கூட்டரை நிறுத்தியது.
துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு
ஒருவன் வயர் கொளுத்திக்கொண்டிருந்தான்.
நெருப்பு ஓரத்தில் பச்சையாய் எரிந்தது.
குச்சியால் கிளறிச் செம்பை எடுத்தான்.
பக்கத்துக் குவியலில்
ஒரு பெட்டியின் முதுகில் நான் ஒட்டிய ஸ்டிக்கர்:
07.

அவனிடம் என்ன சொல்ல?
இருமினான். நானும் இருமினேன்.
வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த முறை விசாரணைக் கடிதத்தின் கடைசியில்
ஒரு வரி கூட்டினேன்:
உயிர் போன பிறகு இதை யார் எடுத்துப்போவீர்கள், எங்கே?

சென்னைக் கம்பெனி வழவழப்பான புத்தகம் அனுப்பியது.
அட்டையில் ஓர் இலை, இலைமேல் பனித்துளி.
இருபத்திரண்டு பக்கத்திலும் பதில் இல்லை.
மதுரைக்காரர், "எல்லாம் ரீசைக்கிள்தான் மேடம்."
எந்த ஆலையில் என்றதும்
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.
தேவகோட்டை இருதயராஜ், ஒற்றை அறைக் கடை,
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:
"தெரியலக்கா. கேட்டுச் சொல்றேன்."

பதினோராம் நாள் வந்தார்.
பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையின் கடிதம்,
ஏழு வருஷம் பாகம் கிடைக்குமென்ற உறுதி,
எத்தனை வாட் தின்னும் என்று பென்சிலில் ஒரு கணக்கு.
"சுவிட்சுல விசிறியே கிடையாதுக்கா,
தவிடு போக மூக்கு வேணும்ல?"
சர்வர் மட்டும் பழசு;
ஒரு வங்கியில் மூன்று வருஷம் ஓடியதைப் புதுப்பித்தது.
மொத்தம் பதினெட்டு சதவீதம் கூட.

"பழசுக்கா இந்த விலை?"
வயிரவனுக்கு நெருப்பையும் கண்மாயையும் சொல்லவில்லை.
கரண்ட் பில், பழுது, மறுபடி வாங்கும் பணம்,
எல்லாவற்றுக்கும் வட்டி போட்டுக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"சரி. பேட்டரி மட்டும் மதுரையில வாங்கு."

வாங்கினேன்.
ஈயம், நாலு பெட்டி.
யார் திரும்ப எடுப்பார்களோ, தெரியாது.
பேரேட்டில் அந்தப் பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன்,
கோடு போடவில்லை.

புதுப் பெட்டிகள் சத்தமே போடுவதில்லை.
நெல் குத்தும் ஓசை இப்போது என் மேசைவரை வருகிறது.

ஸ்டிக்கர் கட்டைப் பிரித்துக்கொண்டே இருதயராஜ் கேட்டார்,
"நம்பர் ஒண்ணுலேந்து போடவாக்கா?"

எட்டிலிருந்து, என்றேன்.
முதல் ஏழும் இன்னும் கணக்கில் கழியவில்லை.