எடை இழப்பு

விரலளவு இரும்புத் தகடுகள், பன்னிரண்டு.
மில்லிகிராம் வரை எடை பார்த்து
காரைக்குடி ஆய்வக மாடியில்
நைலான் கயிற்றில் கட்டிவிட்டுப் போனேன்.
எண் குத்தியிருக்கிறது, பெயர் வைக்கவில்லை.

பிறகு செண்டாய். பிறகு
ஆறு மாதம் என்று சொல்லி
நாலு வருஷம் டிரோண்ட்ஹைம்.
அங்கும் கட்டினேன், உப்புக் காற்றில்.
ஒவ்வொரு விமான நிலையத்திலும்
பெட்டி இருபத்து மூன்று கிலோவைத் தாண்ட
எதை வீசுவதென்று தரையில் குந்தி யோசித்திருக்கிறேன்.
குக்கரை வீசினேன். ஒருமுறை
ஸீக்ரிட் தந்த கம்பளிக் கோட்டை.
தகடுகளை இல்லை.

திருச்சியில் சுங்க அதிகாரி கேட்டார், என்ன இது?
துரு என்றேன்.
இங்கே கிடைக்காதா?

கிடைக்கும். இந்த வறண்ட சீமையில்
இரும்பு மெதுவாகத்தான் கெடும்.

செக்காலையில் முன்பணத்தை எண்ணியபடி
வீட்டுக்காரர் வயிரவன் கேட்கிறார்,
"எத்தனை மாசம் இருப்பீக?"

மாடியேறி ஒவ்வொன்றாய் அவிழ்க்கிறேன்.
அமிலத்தில் கழுவி உலர்த்தி வைத்தால்
தராசு சொல்லிவிடும்
இந்த ஊர்க் காற்று
எவ்வளவு எடுத்துக்கொண்டதென்று.

ஏழாம் எண்ணைக் காணோம்.
"காக்கா கூட்டுக்குத் தூக்கியிருக்கும்"
என்கிறார் உதவியாளர் சூசைமாணிக்கம்.
பதிவேட்டில் அதற்கு நேரே
இழப்பு என்று எழுதப் போய், நிறுத்தி,
புளியமரத்தை ஒருதரம்
அண்ணாந்து பார்க்கிறேன்.