புருவம், இரண்டு இடம்

மலை ஒடிந்து பள்ளத்தாக்கில் விழும் விளிம்புக்குப்
புருவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்
எல் ஆல்ட்டோவில்.
அவர்கள் மொழியில் சேஹா.
ஞாயிற்றுக்கிழமைகளில்
அம்மா ஓட்டும் வேனின் கதவில் தொங்கிக்கொண்டு
லிம்பெர் கூவுவது அதைத்தான்:
"சேஹா! சேஹா! இரண்டு இடம்!"

உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தாண்டி
பழைய இரும்பு விற்பவனின் ஒலிபெருக்கியையும் தாண்டி
ஊசிபோல் போகும் குரல்.
"இவன் தொண்டைக்கே வண்டி நிரம்பும்"
என்பாள் அம்மா, மற்ற ஓட்டுநர்களிடம்,
அவன் காதுபட.

சில்லறை தருகிறவர்கள் அவனை வாவா என்பார்கள்.
அங்கே குழந்தைக்கு அதுதான் சொல்.
நம் காதில் விழுந்தால்
யாரோ யாரையோ கூப்பிடுவதாகத் தோன்றும்.

ஆகஸ்டில்
காற்று கூரைத் தகரங்களைப் பிடுங்கும் மாதத்தில்
"சே" மேலே போயிற்று,
"ஹா" கீழே விழுந்தது.
நடுவில் ஒரு படியும் இல்லை.
வண்டிக்குள் சிரித்தார்கள்.
மூன்றாம் வரிசையில் அவன் வகுப்பு யோசெலின்.
அவளும் சிரித்தாளா என்று
அவன் பார்க்கவில்லை.
இன்றுவரை தெரியாது.

மறுவாரம் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தான்.
"அட்டையைப் பார்த்து எவன்டா ஏறுவான்?"
நாலு இருக்கை காலி.
கூலியிலும் கொஞ்சம் குறைந்தது.

பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டான்.
மூக்கு முன்னதாகவே கிளம்பிவிட்டிருந்தது,
முகம் இன்னும் ஏறவில்லை.
உதட்டின் மேல் இன்னொரு புருவம்,
பென்சிலால் போட்டு
சரியாக அழிக்காதது.
வேன் பள்ளத்தில் இறங்கியபோது
கண்ணாடியில் இருந்தவன் குலுங்கினான்,
இவனைக் கேட்காமல்.

ரியோ சேகோ திருப்பத்தில் ஒருத்தி,
முதுகில் துணி மூட்டை:
"இளைஞரே, இதைக் கொஞ்சம் மேலே போடுங்கள்."
லிம்பெர் திரும்பிப் பார்த்தான்
யாரைச் சொல்கிறாள் என்று.
பின்னால் ஒரு நாய்,
கிழிந்த தேர்தல் சுவரொட்டி.
தூக்கிப் போட்டான்.
போன மாதம் அம்மாவும் அவனுமாகத் தூக்கிய அளவு மூட்டை.
அத்தனை லேசாக ஏறியதுதான்
அவனைப் பயமுறுத்தியது.

"நன்றி, இளைஞரே."
காசை எண்ணாமலே வாங்கிக்கொண்டான்.

சாலைக்கு அந்தப்பக்கம் யாரோ
"வாவா!" என்றார்கள்.
அதற்கும் திரும்பினான்.
ஐஸ்கிரீமோடு ஒரு சின்னப் பையன்
ஓடிக்கொண்டிருந்தான் அவர்களிடம்.

அம்மா ஹார்ன் அடித்தாள், இரண்டு தடவை.
அட்டையை இருக்கைக்கு அடியில் செருகிவிட்டு
கதவில் ஏறி நின்றான்.
எந்தக் குரல் வந்ததோ அதில் கத்தினான்:

சேஹா.
இன்னும் இரண்டு இடம்.