'இப்படி' என்றால் எப்படி

மழை நின்றால்தான் பாடம்.
ஆன்குட் ஊரில் மழை நிற்பதென்பது
ஒரு பேச்சுக்குச் சொல்வது.
தகரக் கூரையில் அது பயறு கொட்டுகிறது.
ஒலிவாங்கிக்கு முதலில் கேட்பது அதுதான்,
நான் அப்புறம்.

அதனால் துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.
தலைக்கு மேல் கணவனின் கம்பளிக் கோட்டுகள்,
முழங்காலில் கணினி,
மடியில் பிரித்த கார்புரேட்டர்.
"வணக்கம், நான் எர்சிரா ஒயார்சூன்.
படகு மோட்டார் பழுதுபார்ப்பு, பாடம் மூன்று."
இது பதினேழாவது தடவை.
பதினாறில் நாய் குரைத்தது.
பதினைந்தில் நானே குரைத்தேன்.

பாடத்திட்டம் எழுதியவள் நான்,
படம் பிடித்தவள், வெட்டி ஒட்டியவள்,
கட்டணம் வரவில்லையென்று தயங்கித் தயங்கிக் கேட்பவள்,
கடவுச்சொல் மறந்தவர்களுக்கு
இரவு பதினொன்றுக்குப் பதில் போடுபவள்,
ஏழாம் கேள்விக்கு இரண்டு சரியான விடை வைத்துவிட்டு
மன்னிப்புக் கேட்டவளும் நான்தான்.
ஆசிரியர் அறை என்று ஒன்று இருந்தால்
என்னைப் பற்றிப் புறம்பேசவும்
நானேதான் போக வேண்டியிருக்கும்.

நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.
யார் எதுவரை பார்த்தார்கள் என்று
ஒரு கோடு காட்டுகிறது.
பாடம் இரண்டில் அது
நான்கு நிமிடம் பதினொரு நொடியில்
செங்குத்தாகக் கடலுக்குள் விழுகிறது.
பத்தொன்பது பேர்.

இணையம் அறுந்திருக்கும் என்றேன்.
அன்றைக்குக் கால்பந்து இருந்திருக்கும் என்றேன்.
கடைசியில் நானே போட்டுப் பார்த்தேன்.
மிதவை ஊசியைத் தூக்கிக் காட்டி
சிரித்துக்கொண்டே சொல்கிறேன்:
"இது ஒன்றுமேயில்லை, சின்னப் பிள்ளைக்கும் வரும்."

புவெர்தோ மோன்த் பட்டறையில்
இதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு
கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்து
கழிப்பறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்ட
ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.
அவளுக்கு அப்போது இருபது வயது,
அவளுக்கும் ஒயார்சூன் என்றுதான் பெயர்.

அந்த நொடியை வெட்டினேன்.

பிறகு அப்தோன் மன்சீயாவின் கடிதம்.
கெயோனில் சால்மன் கூண்டுகளுக்கு இரவுக் காவல்.
விடைகள் எப்போதும் அதிகாலை மூன்றுக்கு வரும்,
பாதி தப்பாக, முழுக்க மரியாதையாக.
"அம்மா, படம் பார்ப்பதில்லை, டேட்டா கட்டுபடியாகாது.
ஒரு காதில் ஜெனரேட்டர், ஒரு காதில் நீங்கள்.
'இப்படித் திருப்புங்கள்' என்கிறீர்கள்.
எப்படி?"

எண்ணினேன்.
பாடம் மூன்றில் முப்பத்துநான்கு 'இப்படி.'
இரண்டு மாதம் நான் வரைந்த அம்புக்குறிகள்,
பெட்ரோலுக்குச் சிவப்பு, காற்றுக்கு நீலம்,
நீலத்தில் எந்த நீலம் என்று ஒரு ஞாயிறு முழுக்க.
இருட்டில் ஒரு மிதவை மேடையில்
அவை எந்தக் கறிக்கும் உதவாத சுரைக்காய்.

கண்ணை மூடிக்கொண்டேன்.
அலமாரியில் அது சுலபம்.
"மூடியின் வலப்பக்கம் விரலை நகர்த்துங்கள்,
நாக்கு நுனி மாதிரி ஒன்று தட்டுப்படும்.
அதற்குக் கீழே உள்ள திருகை
வலிக்காமல் முழுக்க மூடுங்கள்.
பிறகு கடிகாரத்துக்கு எதிராக ஒன்றரைச் சுற்று.
ஸ்பார்க் பிளக் நுனி
பால் விட்ட காப்பி நிறமாயிருந்தால் சுகம்.
ஈரக் கரியாயிருந்தால் பெட்ரோல் மிதமிஞ்சிப் போகிறது.
சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால்
இஞ்சின் பட்டினியில் ஓடுகிறது.
டார்ச் வெளிச்சத்தை நம்பாதீர்கள்,
விடியும்வரை பொறுங்கள்."

வியாழன் மூன்று மணிக்கு
எழுத்தில்லாமல் ஒரு ஒலி வந்தது.
பதினொரு நொடி.
காற்று, யாரோ இருமுவது,
கயிறு இழுபடுவது, மறுபடி இழுபடுவது,
பிறகு அது.

சுருதி கொஞ்சம் ஏறியிருந்தது.
"ஓய்வு வேகத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள்"
என்று எழுதி அனுப்பினேன்.
அனுப்பிய பிறகுதான்
வாழ்த்துச் சொல்ல மறந்தது உறைத்தது.

அந்த ஒலியைப் பாடம் ஆறில் வைக்கலாமா என்று
கேட்டிருக்கிறேன். இன்னும் பதிலில்லை.
கூரையில் பயறு குறைகிற மாதிரி இருக்கிறது.
கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்துகிறேன்.
பாடம் மூன்று. பதினெட்டு.