முப்பத்தேழு பைசா முன்னிலை

குடியாத்தம் கூட்டுறவு வங்கியில்
நான் நகை மதிப்பீட்டாளன்.
சம்பளமில்லை, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கமிஷன்.
மதியம் ஒன்றேகாலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கேஷியர் இம்தியாஸ் போனில் செஸ் இன்ஜினைத் திறப்பார்.
நாங்கள் இருவரும் ஒரு பக்கம். அது ஒரு பக்கம்.
இதுவரை ஜெயித்ததில்லை.

பலகையின் ஓரத்தில் ஓர் எண் துடித்துக்கொண்டே இருக்கும்.
கூட்டல் என்றால் வெள்ளைக்கு,
கழித்தல் என்றால் கறுப்புக்கு.
சிப்பாயை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால்
கணக்கு பைசா வரைக்கும் போகும்.
குதிரை மூணு. மந்திரி மூணேகால்.
யானை அஞ்சு. ராணி ஒன்பது.
ராஜாவுக்கு எண்ணே கிடையாது.
போனால் கணக்கும் போச்சு.

இது வெறும் எடை,
தட்டில் வைத்ததும் தெரிகிற கிராம்.
உரசிப் பார்ப்பது அதற்கப்புறம்:
ஓரத்தில் ஒதுங்கிய குதிரைக்கு முப்பது பைசா தள்ளு,
ஒருவன் முதுகை ஒருவன் பார்த்து நிற்கும் சிப்பாய்களுக்குக் கழி,
எதிரே வழி திறந்த யானைக்குக் கூட்டு.
கல்லுக்கும் அரக்குக்கும் நான் கழிப்பதில்லையா,
அந்த மாதிரி.
வெட்டுக்கு வெட்டு நடக்கும்போது மட்டும்
அது வாய் திறக்காது.
எல்லாம் அடங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கும்.
ஆடுகிற தராசில் எண் படிக்கக் கூடாது,
எனக்கும் தெரிந்ததுதான்.

"அதெல்லாம் பழைய இன்ஜின்" என்றார் இம்தியாஸ்.
"இப்ப இருக்கிறது கோடிக்கணக்கான நிலையைப் பார்த்து
தானா கத்துக்கினது.
ஏன் முப்பது பைசான்னு கேட்டா
எழுதினவனுக்கே தெரியாது."
எனக்குக் கோபம் வரவில்லை.
ஆசிட் சொல்வதற்கு முன்னால்
என் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடுகிறது.
கேட்டால் நானும் என்ன சொல்வேன்.

அந்தப் பழசுக்கு ஒரு வியாதி இருந்ததாம்.
பன்னிரண்டு நகர்த்தல்தான் கண்ணுக்கு எட்டும் என்றால்,
பன்னிரண்டாவதில் ராணி சாகும் என்றால்,
நடுவில் ஒரு வெட்டிச் செக் வைக்கும்.
சிப்பாய் போகும்.
இன்னொரு செக். இன்னொரு சிப்பாய்.
ராணியின் சாவு இப்போது பதினாலாவதில்.
கண்ணுக்கு எட்டாததால் அது இல்லை.
எண் பார்க்க நன்றாகவே இருக்கும்.

நான் எழுந்து போய்
நெல்லூர்ப்பேட்டை ரேணுகாம்பாளின் கார்டை எடுத்தேன்.
இரட்டை வடச் செயின், நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.
ஒவ்வொரு மே மாதமும் வட்டி கட்டி,
மேலே கொஞ்சம் வாங்கி, திருப்பி வைத்த கையெழுத்து.
ஆறு வருஷம்.
செக். செக். செக்.
ஒவ்வொரு முறையும் மதிப்பு எழுதியது நான்தான்.
ஒவ்வொரு எண்ணும் சரியான எண்தான்.

சிரசுத் திருவிழா வாரம்.
நகை மீட்கிற கூட்டம் படி வரைக்கும்.
அவள் பஜார் கடை ஆளைக் கூடவே கூட்டிவந்திருந்தாள்.
"இந்த வாட்டி திருப்பி வைக்கல.
இவரு கட்டிடுவாரு, இவரே எடுத்துக்குவாரு.
மிச்சத்த எங்கிட்ட குடுத்துடுங்க."
முப்பத்தொன்று புள்ளி ஆறு நாலு, கடைசித் தடவையாக.
அவள் கைக்கு வந்தது பதினோராயிரத்து நானூறு.
என் மனசு கழித்தல் குறி போட்டது,
பழக்கம்.

கீழே பாதி இறங்கின ஷட்டர் வழியாக
அவள் இடுப்பும் கையும் மட்டும் தெரிந்தன.
நாலு நுங்கு வாங்கினாள்.
அவசரமே இல்லாமல் நின்று தின்றாள்.
எந்தக் கட்டத்தில் இருக்கிறாள்,
யார் நகர்த்த வேண்டிய முறை,
ஒன்றும் பிடிபடவில்லை எனக்கு.

இம்தியாஸ் போனை நீட்டினார்.
புள்ளி மூணு ஏழு.
"யாருக்கு?"
"அதுக்குத்தான், வேற யாருக்கு."
முப்பத்தேழு பைசா.
அதை வைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள்
எங்களை முடித்துவிடும்.
வெளியே அவள் நுங்குக் கூட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு
கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.