நாலாம் எண் பெண்

நாலாம் எண் பெண் வெள்ளெலி
ஊருக்குள் போய்விட்டது என்று
மூன்றரை மணிக்கு என்னை எழுப்பினாள் மரேக்கா.

செக்கானூரணிக்கு மேற்கே
கடலை பிடுங்கிய காடு.
ஆறு வாரமாய் எங்களுக்கு ஒரே கேள்வி:
எந்த வளையில் யார் யாரோடு தூங்குகிறார்கள்?
(டீக்கடையில் எங்களைப் பற்றியும்
அதைத்தான் கேட்டார்களாம்.)

மீன்முள் மாதிரி ஆன்டெனா.
டிக். டிக்.
எண்ணூறு மீட்டர்! ஒரு பெண் எலி
இவ்வளவு தூரம் போய்
அவள் நாட்டில் யாரும் படித்ததில்லையாம்.
நாய்கள் பின்னாலேயே வந்தன.
ஒச்சுக்காளை வீட்டு வாசலில்
சத்தம் தடித்தது.

கைலியை இறுக்கிக்கொண்டு வந்தவன்
டிவி மேலிருந்து தீப்பெட்டியை எடுத்தான்.
உள்ளே, கழுவித் துடைத்த கழுத்துப்பட்டை.
"யாரு பொருளுன்னு தெரியும்.
விடியவும் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

மரேக்கா அழுவாள் என்று நினைத்தேன்.
நோட்டை எடுத்தாள்.
எந்த வளை? கூட எத்தனை?

"வேம்புக்குக் கீழ, வரப்போரம்.
அஞ்சு கெடந்துச்சு, ஒண்ணுமேல ஒண்ணா.
மம்பட்டி படவும் நாலு ஓடுச்சு.
ஒண்ணு மட்டும்
காலால தரையத் தட்டிக்கிட்டே நின்னுச்சு.
அதுதான் பட்டைக்காரி."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.
நாங்கள் திரும்புகையில் அவன் மெதுவாக,
"நல்ல கொழுப்புங்க" என்றதைத் தவிர.

அறைக்கு வந்ததும்
'இடம்பெயர்ந்தது' என்று எழுதியிருந்ததை அடித்தாள்.
அந்தக் கட்டத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.
பேட்டரி இன்னும் நாற்பது நாள் வரும் என்றாள்.
தீப்பெட்டியை
என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.