நிழல் காயப்போடுதல்

நகரசபையின் பதினேழாம் எண் பனிவாரி வண்டி என்னுடையது.
ஐந்து மாதம் பஃபலோ தெருக்களில் உப்பு தூவுகிறேன்.
உப்பு பட்ட மண்ணில் ஒன்றும் தேறாது;
என் பூக்களெல்லாம் அதனால் கொல்லையில்,
தெருவுக்கு முதுகு காட்டி.

கொல்லை என்றால் பெரிதாக எண்ண வேண்டாம்.
பதினான்கு எட்டு நீளம், ஒன்பது அகலம்.
ஒரு மூலையில் எரிவாயு மீட்டர்,
மறுமூலையில் முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன
நாய்ச்சங்கிலி.
மற்றதெல்லாம் நிழல்.
நிழலுக்குச் சொந்தக்காரர் டுரில்லோ:
அடிமரம் வேலிக்கு அந்தப் பக்கம்,
வேரும் கிளையும் இந்தப் பக்கம்.

பதினோரு வருஷம் அந்த மேப்பிளைத் திட்டினேன்.
மே கடைசியில் விதைகள் சுழன்று சுழன்று இறங்கும்.
ஜூனில் மழைநீர்க் குழாயில்கூட முளைத்திருக்கும்,
பிடுங்கிப் பிடுங்கிக் கட்டைவிரல் பச்சையாகும்.
நகரசபைக்கு மூன்று கடிதம் எழுதினேன்,
எனக்குச் சம்பளம் தரும் அதே நகரசபைக்கு.
ரோஜாவுக்கு ஆசைப்பட்டேன். வந்து வாய்த்தது ஹோஸ்டா,
பூவைவிட இலைக்குப் பேர்போனது,
நிழலைத் தின்று கொழுத்தது.
வேறு வழியில்லாமல் வளர்த்தேன்.
வளர்த்த பாவத்துக்குப் பிடித்தும் போயிற்று.

போன வருஷம் மார்ச்சில் ஏரிக்காற்று
ஒரே இரவில் மரத்தில் பாதியை
டுரில்லோவின் கார் கொட்டகைமேல் கிடத்தியது.
மீதியை வெட்ட ஆள் வந்தது.
ரம்பம் இரண்டு நாள் கத்தியது.
அவர் குளியலங்கியோடு படியில் நின்று பார்த்தார்.
நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
என் கடிதங்கள் காரணமில்லை.
காரணமில்லை என்று இரண்டாம் தடவையும் சொல்லிக்கொண்டேன்.

டூலிப்புகள் அவசரமாய் விரிந்தன,
நாலே நாளில் உதிர்ந்தன.
ஜூலையில் வெயில்
கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது.
ஹோஸ்டா இலைகள் ஓரத்திலிருந்து கருகின,
கடிதம் எரிவதுபோல.

நான்கு துடைப்பக்கட்டைகள் நட்டு
என் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட விரிப்பைக் கட்டினேன்.
கட்டிக்கொண்டவன் போய் ஒன்பது வருஷம்;
விரிப்பில் ஒரு கிழிசல் இல்லை.
வேலிக்கு மேல் ஒரு தொப்பி தெரிந்தது.
“துணி காயப்போடுகிறாயா, மார்லா?”
“நிழல் காயப்போடுகிறேன்.”
தொப்பி சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

செப்டம்பரில் ஹோஸ்டாவைப் பெயர்த்தெடுத்தேன்.
ஒவ்வொரு தூரும் கைக்குழந்தை கனம்.
பணிமனையின் வடக்குச் சுவரோரம்,
உப்புமலைக்கு எட்டாத தூரத்தில் நட்டேன்.
மேலதிகாரி கேட்டார், இது எதற்கு என்று.
சுவருக்கு, என்றேன்.

பிறகு பனி.
நவம்பர் முடிவதற்குள் கதவின் பாதி உயரம்.
விடியாத மூன்று மணிக்கு என் தெருவுக்குள் திரும்பினேன்.
வண்டி ஒதுக்கும் பனி
எல்லா வீட்டு வாசலையும் ஒரே மாதிரி அடைக்கும்,
அதுதான் சட்டம்.
டுரில்லோ வாசலில் மட்டும்
அலகைக் கொஞ்சம் திருப்பினேன்.
அந்தக் குளிர்காலம் முழுக்கத் திருப்பினேன்.

இந்த வருஷம் டேலியா.
உடன் வேலை செய்யும் ஒருத்தி கொடுத்த கிழங்குகள்,
பார்த்தால் அழுகின உருளைக்கிழங்கு.
முழு வெயில் வேண்டும் என்கிறாள்.
இருக்கிறது, இருக்கிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது.

ஜூனில் அந்தப் பாத்தியில்
ஒரே ஒரு மேப்பிள் கன்று.
பிடுங்கிவிட்டேன். பழகிய கை.
பிடுங்கிய பிறகு கை எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.
தயிர் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டையிட்டு,
மண் போட்டு, கன்றை ஊன்றி,
அவர் பின்வாசல் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் டப்பா திரும்பி வந்தது,
கழுவித் துடைத்து.
உள்ளே ஒன்றுமில்லை.
நட்டாரா, குப்பையில் போட்டாரா?
வேலி என்னைவிட ஒரு சாண் உயரம்.

டேலியாவில் இரண்டு முளைத்திருந்தன.
அந்த டப்பாவிலேயே தண்ணீர் மொண்டு போனேன்,
ஓட்டையை மறந்து.
பாதி செடிக்கு,
பாதி என் செருப்புக்கு.