எடுத்துப் பார்க்காதே

தொண்ணூறு அடி ரோட்டில் அன்று விட்டுவிட்டு மழை.
கைவண்டியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று
வானத்தைச் சுமந்து வந்துகொண்டிருந்தது.
பள்ளம். வண்டி சாய்ந்தது.
உடைந்த சத்தத்தில்
பாவ் வாங்கிக்கொண்டிருந்த எல்லாரும் திரும்பினோம்.

அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்,
இடது முழங்கைக்குக் கீழே
யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தபடி.

எனக்கு ரத்தம் தெரியும்.
பதினோரு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்.
கோப்பு எண், காயத்தின் நீளம் சென்டிமீட்டரில்,
தையல் எத்தனை, தொகை எவ்வளவு.
அந்த ரத்தம் கறுப்பு மையில் வரும்.
இது சூடாக இருந்தது.
மழைத்தண்ணியில் விழுந்து, பரவி,
ஒரு டாக்சி டயரோடு போயிற்று.

போன வருஷம் ஆபீசில் அரைநாள் பயிற்சி.
சமோசாவுக்காகத்தான் போனேன்.
ரப்பர் கை ஒன்றை மேஜைமேல் கிடத்தி
மிஸஸ் காமத் சொன்னதில்
மிச்சம் நின்றது இவ்வளவுதான்:
அழுத்து.
நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதே.
நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி.
ஆவல் தாங்காமல் திறந்து பார்க்கிறவர்கள்
நின்ற ரத்தத்தையும் ஓட விடுகிறார்கள்.

பாவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து
அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டேன்.
நேற்றுத் துவைத்த துப்பட்டா, நாலு மடிப்பு.
"பைட்டோ" என்றேன். உட்கார்ந்தான்.
அழுத்தினேன்.
கையைத் தூக்கி என் தோள்மேல் வைத்துக்கொண்டேன்.
கல்யாணமாகி இத்தனை வருஷத்தில்
என் வீட்டு மனிதரை
நடுத்தெருவில் இப்படிப் பிடித்ததில்லை.

அப்புறம் வந்தார்கள் வைத்தியர்கள்.
டீக்கடையிலிருந்து காப்பித்தூள் ஒரு கரண்டி.
மளிகைக்கடை மஞ்சள். "வேணாம்ணே."
பல் தேய்க்கிற பேஸ்ட்டோடு ஒருத்தி. "நஹி, நஹி."
உள்ளங்கையில் குத்தி நின்ற சில்லைப்
பிடுங்க வந்தார் ஒருத்தர். அதட்டிவிட்டேன்.
அது அங்கேயே இருக்கட்டும்;
இப்போதைக்கு அதுதான் மூடி.
ஃபோனில் படம் எடுத்த பையனிடம்
"மணி பார்த்துச் சொல்" என்றேன்.
அதற்கப்புறம் அவன் படம் எடுக்கவில்லை.
ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவதுபோல
ஒவ்வொரு நிமிஷத்தையும் உரக்கக் கூப்பிட்டான்.

மூன்றாவது நிமிஷம் துப்பட்டா சிவந்து மேலே வந்தது.
என் விரல் துடித்தது, ஓர் ஓரத்தை மட்டும்
தூக்கிப் பார்த்தால் என்ன என்று.
காமத் மேடம், உங்கள் ரப்பர் கைக்கு வியர்க்கவில்லை.
அது நடுங்கவில்லை.
"ஷீஷா பூரா கயா?" என்று அது கேட்கவில்லை.

இவன் கேட்டான்.
பேர் தில்ஷாத்.
கண்ணாடி மூவாயிரத்து எண்ணூறு,
சேட் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார் என்றான்.
நானும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.
எங்கள் படிவத்தில்
கைவண்டிக்காரனுக்கு ஒரு கட்டமும் இல்லை என்று
அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.
இன்னொரு துணி கேட்டேன்.
எதிர் இஸ்திரிக் கடைக்காரர்
யாருடையதோ தலையணை உறையை,
மடிப்புச் சூடு ஆறாததை,
யோசிக்காமல் நீட்டினார்.

"தஸ்!" என்றான் பையன்.
துணிக்கு அடியில்
கதவுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த யாரோ
நடக்கத் தொடங்கிய மாதிரி இருந்தது.
பார்க்கவில்லை.
டாக்சியில், சிக்னலில்,
சயான் ஆஸ்பத்திரி வாசல் வரை பார்க்கவில்லை.
நர்ஸ்தான் என் விரல்களை
ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.
அடியில் என்ன இருந்தது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ராத்திரி வெங்காயம் நறுக்கும்போது
கட்டைவிரலில் ஒரு கீறல்.
குழாயைத் திறப்பதற்கு முன்னால்
என் கை
காப்பித்தூள் டப்பாவுக்குப் போயிருந்தது.